மலையூரில் கலை வகுப்பு: கடைசி பஸ்ஸிலிருந்து பின்னோக்கித் திட்டமிடுங்கள்

கோத்தகிரியில் ஓவியமோ மண்வேலையோ எம்ப்ராய்டரியோ கற்றுத்தர வகுப்பு தொடங்க விரும்புகிறவர்கள், "எந்த ஹாலைப் பிடிக்கலாம்?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நான் அதற்குப் பதில் சொல்லாமல், "யார் யார் வருவார்கள், அவர்கள் ஹட்டிக்கு, அதாவது ஊருக்கு, கடைசி பஸ் எத்தனை மணிக்கு?" என்று திருப்பிக் கேட்பேன். பெரும்பாலும் பதில் வராது. வேலை அங்கேதான் தொடங்குகிறது.

இந்த வழிகாட்டி ஆறு வாரம் நடக்கும் ஒரு வகுப்புக்கும் அதன் முடிவில் வைக்கும் ஒரு காட்சி நாளுக்கும் உரியது. ஊருக்குப் புதிதாக வருபவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் ஒரு விழா, பந்தல், சிறப்பு விருந்தினர். அந்த உற்சாகத்தில் வகுப்பு தானாகப் பிறந்துவிடும் என்று நம்புகிறார்கள். பந்தலைப் பிரித்ததோடு எல்லாம் முடிந்துவிடும்.

1. முதலில் நேரம்

நான் நடத்திய முதல் வகுப்பு ஞாயிறு மாலை நான்கு முதல் ஆறு வரை. பதினாறு பேர் சேர்ந்தார்கள். மூன்றாம் வாரம் நான்கு பேர் மட்டும் வந்தார்கள். வரைவதில் ஆர்வம் இல்லை போலும் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். பிறகு கடைத்தெருவில் பார்த்த ஒரு பெண் சொன்னார்: "ஐந்து நாற்பது பஸ்ஸை விட்டால் இருட்டில் தேயிலைக்குள் நடக்க வேண்டும். கடைசி அரை மணி நேரம் கண் கடிகாரத்திலேயே இருக்கிறது, தூரிகை எப்படி ஓடும்?"

இருட்டில் நடப்பது இங்கே சிறிய விஷயம் இல்லை. தோட்டப் பாதைகளில் காட்டெருமை நிற்கும். கோத்தகிரிப் பக்கம் கரடி அடிக்கடி கண்ணில் படும். டிசம்பரில் ஆறு மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். மஞ்சு (மூடுபனி) இறங்கிவிட்டால் நான்கரைக்கே விளக்குப் போட வேண்டியிருக்கும்.

ஆகவே ஒரு தாள் எடுத்து, வரக்கூடியவர்களின் ஊர்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் கடைசிக்கு முந்தைய பஸ்ஸின் நேரத்தைக் குறியுங்கள். கடைசி பஸ் சில நாள் வராமலே போகும் என்பதால் அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அந்த நேரங்களில் மிக முன்னதாக வருவதிலிருந்து நாற்பது நிமிடம் கழியுங்கள். வகுப்பு அப்போது முடிய வேண்டும். தூரிகை கழுவ, பை கட்ட, பஸ் நிலையத்துக்கு நடக்க அந்த நாற்பது நிமிடமும் தேவைப்படும்.

நாளைத் தேர்வதிலும் இதே கவனம் வேண்டும். தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகிறவர்களுக்கு ஞாயிறு ஒன்றுதான் ஓய்வு. அதிலும் காலை மாதா கோயிலுக்கோ சந்தைக்கோ துணி துவைக்கவோ போய்விடும். எங்களுக்கு ஒத்துவந்தது ஞாயிறு ஒன்றரை முதல் நான்கு. இல்லத்தரசிகளும் ஓய்வு பெற்றவர்களும் மட்டும் என்றால் வார நாளில் பதினொன்று முதல் ஒன்று வரை நல்லது. வெயில் ஏறி விரலில் உணர்வு வந்திருக்கும். இந்த இரு கூட்டத்தையும் ஒரே வகுப்பில் சேர்க்க முயன்றால் இரண்டும் கலைந்துபோகும். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

2. பிறகு மாதம்

கோத்தகிரி நீலகிரியின் கிழக்குச் சரிவில் இருக்கிறது. உதகையின் மேற்கே ஜூன், ஜூலையில் கொட்டும் மழை இங்கே அவ்வளவு இல்லை. எங்களுக்குப் பெருமழை அக்டோபர், நவம்பரில் வரும் வடகிழக்குப் பருவத்தில்தான். 2009 நவம்பரில் இந்த மாவட்டத்து நிலச்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த இரண்டு மாதங்களில் வகுப்பு வைக்க வேண்டாம். சாலை துண்டிக்கப்பட்டால் ஆசிரியர் ஒரு பக்கமும் மாணவர் மறுபக்கமும் நிற்பார்கள்.

மே மாதமும் வேண்டாம். கோடை விழா, நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சி என்று ஊர் நிரம்பி வழியும். ஹால் வாடகை ஏறும். பஸ்ஸில் நிற்க இடம் இருக்காது. சீசனில் மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே வரும் வாகனங்களைக் குன்னூர் வழியாக ஏற்றி, கோத்தகிரி வழியாக இறக்குவது வழக்கம். கோயம்புத்தூரிலிருந்து களிமண் மூட்டையோடு வரும் வண்டி மலையைச் சுற்றிக்கொண்டுதான் வந்து சேரும்.

டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி வரை படுகர் ஊர்களில் ஹெத்தை அம்மன் பண்டிகை. பேரகணி பக்கத்திலிருந்து ஒருவரும் வரமாட்டார்கள், வரச் சொல்வதும் முறையில்லை. மார்ச்சில் பொதுத்தேர்வு.

மிஞ்சுவது ஜனவரி பிற்பாதி முதல் மார்ச் முதல் வாரம் வரையும், ஜூன் பிற்பாதி முதல் செப்டம்பர் வரையும். ஆறு வாரத்துக்கு இது போதும். மழைக்குப் பின் கொழுந்து திமிறி வரும் வாரங்களில் ஞாயிறும் வேலை இருக்கும். அந்த வாரம் வராதவர்களைப் பட்டியலிலிருந்து அடித்துவிடாதீர்கள்.

3. இடம்

நான்கைந்து ஹால்களைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் ஊர் இல்லை இது. சமுதாயக்கூடம், பள்ளி வகுப்பறை, நூலக மாடி, சர்ச் கூடம் என்று கிடைப்பதில் கீழே உள்ளவற்றைப் பாருங்கள்.

பஸ் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடைக்குள் இருக்க வேண்டும், ஏற்றம் குறைவாக இருந்தால் நல்லது. மேற்கு அல்லது தெற்குப் பக்கம் ஜன்னல் வேண்டும், பிற்பகல் வெளிச்சமும் சூடும் அதன் வழியாகத்தான் வரும். தண்ணீர்க் குழாய் உள்ளேயே இருக்க வேண்டும். கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று நீங்களே போய்ப் போட்டுப் பாருங்கள். தாழ்ப்பாள் இல்லாத காரணத்தால் பெண்கள் இரண்டாம் வாரம் வராமல் போனதைக் கண்டிருக்கிறேன். யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

சிமெண்டுத் தரை என்றால் சாக்கும் பாயும் வேண்டும். குளிர் காலின் வழியாகத்தான் ஏறுகிறது. ஒரு மணி நேரத்துக்கு மேல் யாராலும் உட்கார முடியாது.

குளிருக்காகக் கரியடுப்பு மூட்டலாம் என்று யாராவது சொல்வார்கள். மூடிய அறைக்குள் கரி எரிந்தால் வாசனையில்லாத நச்சு வாயு தேங்கி உயிரைப் பறிக்கும். மலையில் விடுதி அறைகளில் இப்படி இறந்தவர்கள் உண்டு. ஸ்வெட்டரோடும் குல்லாவோடும் வரச் சொல்லுங்கள், நடுவில் சூடான தேநீர் கொடுங்கள். அதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

சாவி யாரிடம் இருக்கிறது என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஞாயிறு அன்று சாவி வைத்திருப்பவர் கல்யாணத்துக்குப் போயிருப்பார். இரண்டாவது சாவி ஒன்று பக்கத்துக் கடையில் இருக்கட்டும்.

4. என்ன கலை, யார் ஆசிரியர்

வெளியூர் ஓவியரை அழைப்பதென்றால் இரண்டு காரியங்களை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 2024 மே முதல் வெளிமாவட்ட வாகனங்களுக்கு இ-பாஸ் வேண்டும். 2025 கோடையில் வார நாளுக்கு 6,000, வார இறுதிக்கு 8,000 வண்டிகள் என்று வரம்பும் வைத்தார்கள். அரசு பஸ்ஸில் வந்தால் இந்தத் தொல்லை இல்லை. அடுத்தது பிளாஸ்டிக். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு நீலகிரியில் தடை, தண்ணீர்ப் பாட்டிலும் அதில் சேரும். சோதனைச் சாவடியில் பறிகொடுத்துவிட்டு வந்து நம்மிடம் கோபப்படுவார்கள்.

வெளியூரிலிருந்து யாரையும் அழைக்கும் முன்பு, மலையிலேயே யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பது நல்லது. தோடர், குறும்பர், கோத்தர் மூவரும் இந்த மலையின் பழங்குடிகள். தோடர் பூத்தையலுக்கு (எம்ப்ராய்டரிக்கு) 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பு, கறுப்பு நூலால் தைப்பார்கள். கோடு வரைந்துகொள்வதில்லை, துணியின் இழைகளை எண்ணியே கோலம் உருவாகிறது. குறும்பர் ஓவியம் வேங்கைப் பிசின் போன்ற காட்டுச் சாயங்களால் ஆனது. கோத்தர் பெண்கள் மண்பாண்டம் வனைகிறவர்கள்.

புதியவர்கள் மிகப் பெரிய தவறு செய்வது இங்கேதான். "இரண்டு மணி நேரத்தில் தோடர் எம்ப்ராய்டரி" என்று நோட்டீஸ் அடித்துவிட்டு, பிறகு மந்துக்கு, அதாவது தோடர் குடியிருப்புக்கு, போய் ஆள் தேடுகிறார்கள். வரிசை இப்படி இருக்க வேண்டும்:

முதலில் நேரில் போய்ப் பேசுங்கள். எதைக் கற்றுத்தரலாம், எதைக் கூடாது என்று அவர்களே சொல்லட்டும். சில கோலங்களுக்கும் சில வேலைகளுக்கும் சடங்குத் தொடர்பு உண்டு. பூத்துக்குளி என்ற போர்வை அவர்களுக்கு இறுதிச் சடங்கு வரை கூடவே வருவது. "வேண்டாம்" என்று சொன்னால் ஏன் என்று கேட்காதீர்கள்.

அடுத்து ஊதியம். வெளியூர் ஓவியருக்குத் தரும் தொகையில் ஒரு ரூபாயும் குறையக் கூடாது. வந்துபோகும் ஜீப் வாடகை தனி. அன்றே கையில் கொடுங்கள். "நம்ம ஊர்க்காரர்தானே, ஒரு சால்வை போர்த்திவிடலாம்" என்ற பேச்சை ஒரு கூட்டத்தில் என் காதாலேயே கேட்டிருக்கிறேன். ஊரே சால்வைக்குப் பூத்தையல் போடும் இடத்தில் அவருக்கு இன்னொரு சால்வை எதற்கு?

மூன்றாவது, வகுப்பில் செய்வதை அந்தப் பெயரில் விற்கக் கூடாது என்று மாணவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். நான்கு வாரம் எண்ணிப் பழகியவர் தைத்தது தோடர் பூத்தையல் ஆகாது. அவர் கற்றது எண்ணிக்கை, பொறுமை, ஒரு ஓரப்பட்டை. புவிசார் குறியீடு அந்தச் சமூகத்தின் வருமானத்தைக் காக்க வாங்கியது.

ஆசிரியர் எந்த மொழியில் பேசுவார் என்பதையும் பார்க்க வேண்டும். ஒரே அறையில் படுகர் மொழியான படுகு பேசுகிறவர், இலங்கையிலிருந்து திரும்பிய தோட்டத் தமிழர் குடும்பத்தவர், கேரளத்து வேர் உள்ளவர், பெங்களூரிலிருந்து குடிவந்து ஆங்கிலம் மட்டும் பேசுகிறவர் எல்லாரும் இருப்பார்கள். தமிழில் சொல்லி, கையால் செய்து காட்டுகிற ஆசிரியரே போதும். நீளமாகச் சொற்பொழிவு ஆற்றுகிறவர் எந்த மொழியில் பேசினாலும் பயனில்லை.

5. பொருள்கள்: சமவெளிப் பட்டியலை நம்பாதீர்கள்

கோயம்புத்தூரில் நடத்திய வகுப்பின் பொருள் பட்டியலை அப்படியே கொண்டுவருகிறார்கள். ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில், ஈரக் காற்றில், அந்தப் பொருள்கள் வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

*களிமண்.* சமவெளியில் நான்கு நாளில் உலரும் கிண்ணம் இங்கே மஞ்சு நாள்களில் இரண்டு வாரம் கேட்கும். மேலே தொட்டால் உலர்ந்தது போல இருக்கும், உள்ளே ஈரம் நிற்கும். அதைச் சூளையில் வைத்தால் ஈரம் ஆவியாகி வெடித்துப் பக்கத்துக் கிண்ணங்களையும் உடைக்கும். கிண்ணத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் இன்னும் உலரவில்லை. எனவே மண்வேலையை முதல் இரண்டு வாரத்திலேயே முடியுங்கள். நடுவில் வேறு பாடம் போகட்டும், சூளை கடைசி வாரத்தில். பிசைய வெந்நீர் வையுங்கள், குளிர்ந்த மண்ணில் விரல் மரத்துப்போகும்.

*நீர்வண்ணம்.* ஒரு பூச்சு உலரும் முன் அடுத்ததைப் பூசிச் சேறாக்குவதுதான் எல்லாரும் செய்யும் பிழை. இரண்டு தாள் கொடுத்துவிடுங்கள். ஒன்று உலரும்போது மற்றொன்றில் வேலை நடக்கும். நிறம் கலக்கும் பயிற்சியை முதல் ஒரு மணி நேரத்தில் முடியுங்கள். மூன்று மணிக்கு மேல் மஞ்சு ஜன்னலில் ஒட்டிக்கொண்டால் நீலமும் பச்சையும் ஒன்றாகத் தெரியும்.

*பசை.* வெள்ளைப் பசை கடுங்குளிரில் ஒட்டாது. உலர்ந்த பின் சுண்ணாம்பு போல உதிரும். குளிர் காலையில் ஒட்ட வேண்டாம், பிற்பகலில் ஒட்டுங்கள். பசைப் புட்டியைக் கொஞ்ச நேரம் வெயிலில் வைத்து எடுத்தால் சரியாகிவிடும்.

*அச்சுக்கட்டை.* லினோலியப் பலகையில் செதுக்குவதென்றால் அதையும் வெயிலில் சூடாக்குங்கள். குளிர்ந்த பலகையில் உளி சறுக்கும், கையை வெட்டும். எங்களிடம் ஒருவருக்குத் தையல் போடும் அளவுக்கு ஆயிற்று. செதுக்கும் நாளில் முதலுதவிப் பெட்டி மேசைமேலேயே இருக்கட்டும்.

*இயற்கைச் சாயம்.* இந்த உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். புத்தகத்தில் முக்கால் மணி என்று போட்டிருந்தால் நீங்கள் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் காய்ச்சுங்கள். கெட்டில் போதாது, எரிவாயு அடுப்பு வேண்டும். அதை வாசலுக்கு வெளியே வையுங்கள்.

*தாள்.* ஈரம் இழுத்து வளைந்துவிடும். தகரப் பெட்டியில் செய்தித்தாள் சுற்றிப் படுக்கவைத்து வையுங்கள். சுவரோரம் வேண்டாம், அங்கேதான் பூஞ்சை பிடிக்கும்.

தீர்ந்துபோன நிறத்தை ஞாயிறு பிற்பகலில் கோத்தகிரிக் கடையில் வாங்கிவிடலாம் என்று எண்ண வேண்டாம். ஆறு வாரத்துக்கும் தேவையானதில் கால் பங்கு கூட வாங்குங்கள். வெள்ளை நிறம் மட்டும் இரு மடங்கு. எல்லாரும் மஞ்சுதான் வரைகிறார்கள்.

6. பணம்

கட்டணத்தைக் கடைசியாகத்தான் முடிவு செய்ய வேண்டும்; முதல் ஐந்து படிகளும் முடியாமல் செலவு தெரியாது. பதினைந்து பேருக்கு ஆறு வாரம் என்று ஒரு மாதிரிக் கணக்கு: ஆசிரியருக்கு வாரம் 1,500 வீதம் 9,000 ரூபாய், இடத்துக்கு 3,000, பொருளுக்கு 4,500, தேநீர் 1,800, போக்குவரத்து 2,700. மொத்தம் 21,000. ஆளுக்கு 1,400.

தோட்டத் தொழிலாளிக்கு அதை ஒரே தடவையில் கேட்டால் வரமாட்டார். வாரம் 100 ரூபாய் என்று வைத்து, முழுத்தொகை தரக்கூடியவரிடம் 2,000 வாங்குங்கள். அப்படிப் பத்துப் பேரும் வாரக் கட்டணத்தில் ஐந்து பேரும் இருந்தால் 23,000 சேரும். மீதியை மழையால் நின்ற ஒரு வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். யார் எவ்வளவு தந்தார் என்பது ஒரு நோட்டில், ஒருவர் கண்ணுக்கு மட்டும்.

இலவசம் வேண்டாம் என்பது என் கருத்து. இலவச வகுப்பில் முப்பது பேர் பெயர் கொடுத்து ஒன்பது பேர் வந்தார்கள். முப்பது பேருக்குப் பொருள் வாங்கியிருந்தேன்.

7. அறிவிப்பு

வாட்ஸ்அப்பில் போட்டால் ஏற்கெனவே தெரிந்தவர்கள்தான் படிப்பார்கள். பஸ் நிலையத் தேநீர்க் கடை, ரேஷன் கடை, இலை எடை போடும் இடம், தையல் கடை ஆகிய நான்கிலும் கையால் எழுதிய தாளை ஒட்டுங்கள். "4 மணிக்கு முடியும், பஸ் கிடைக்கும்" என்ற வரி தலைப்பின் பக்கத்திலேயே இருக்கட்டும். ஆசிரியர் வாங்கிய விருதுகளைவிட அந்த வரிதான் ஆள் கொண்டுவரும்.

8. முதல் நாள்

அறிமுகம், வரவேற்புரை எல்லாம் வேண்டாம். வந்து உட்கார்ந்த பத்தாவது நிமிடம் கையில் வேலை இருக்க வேண்டும். "எனக்கு வரையத் தெரியாது" என்று எல்லாரும் சொல்வார்கள். பேச விட்டால் அந்த நம்பிக்கை உறுதிப்படும்.

முதல் நாள் வேலை அன்றே முடிவதாக, வீட்டுக்கு எடுத்துப் போவதாக இருக்கட்டும். தேயிலை இலையில் மை தடவித் தாளில் அழுத்தும் அச்சு எங்களுக்கு ஒருமுறையும் தவறியதில்லை. ஆண்டுக்கணக்காகப் பறிக்கிற இலையின் நரம்பை முதன்முறையாகப் பார்ப்பதாக ஒரு அக்கா சொன்னார். அவர் ஆறு வாரமும் வந்தார்.

மின்சாரம் போகும். எமர்ஜென்சி விளக்கு இரண்டு, சார்ஜ் ஏற்றியபடி.

9. காட்சி நாள்

ஆறாம் வாரத்துக்கு அடுத்த ஞாயிறு. பெரிதாக நினைக்காதீர்கள். அதே அறையில், அதே நேரத்துக்குக் கொஞ்சம் முன்னதாக, பதினொன்று முதல் மூன்றரை வரை.

மூன்று வாரம் முன்பு: இட அனுமதி. ஒலிபெருக்கி வைப்பதானால் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குங்கள். வாய்ப்பாட்டும் மேளமும் போதுமென்றால் இந்த அலைச்சலே இல்லை.

ஒரு வாரம் முன்பு: படைப்புகளை வாங்கி எண் போடுங்கள். வெளியில் தொங்கவிடலாம் என்ற ஆசையை அடக்குங்கள். ஐந்து நிமிட மஞ்சில் நீர்வண்ணம் வழிந்துவிடும். உள்ளே சணல் கயிறு கட்டி மரக் கவ்வியால் மாட்டுவது மலிவு. சுவரில் ஒட்டினால் ஈரத்தில் விழும். பேனர் துணியில் எழுதுங்கள்.

பந்தல், ஆட்டம், வெளி நிகழ்ச்சி ஏதாவது இருந்தால் அன்று காலை எட்டு மணிக்கு ஒருவர் வானத்தைப் பார்த்து முடிவு சொல்ல வேண்டும். ஒரே ஒருவர். குழுவாக வானம் பார்த்தால் பத்து மணிக்கும் முடிவு வராது.

தலைமை விருந்தினரை அழைத்தே ஆக வேண்டும் என்ற வற்புறுத்தல் வரும். அழையுங்கள், ஆனால் அவருக்காகத் திறப்பைக் காக்க வைக்காதீர்கள். ஒருமுறை பதினொரு மணி விழாவுக்கு ஒன்றரைக்கு ஒருவர் வந்தார். நாற்பது நிமிடம் பேசினார். அவர் முடிப்பதற்குள் வெளியே மஞ்சு மூடிவிட்டது, படம் வரைந்தவர்களின் குடும்பங்கள் பஸ்ஸுக்குப் போய்விட்டன. இப்போது விருந்தினர் வரும்போது வரட்டும், வந்து பார்வையாளரோடு பார்வையாளராகப் பார்க்கட்டும் என்று வைத்திருக்கிறோம்.

தேநீர் எவர்சில்வர் டம்ளரில். விற்பனை இருந்தால் விலையைச் செய்தவரே எழுதட்டும்; முழுப்பணமும் அவருக்கே. ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் வரைந்தவர் நிற்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தாதீர்கள். சிலர் எதிர்மூலையில் நின்று, யார் தன் படத்தின் முன் எவ்வளவு நேரம் நிற்கிறார் என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்களை விட்டுவிடுங்கள்.

10. அடுத்த நாள்

விற்காத படைப்புகளை அன்றே திருப்பிக் கொடுங்கள். ஹாலில் விட்டால் ஒரு மாதத்தில் பூஞ்சை. வரவு செலவை ஒரு தாளில் எழுதி, அறிவிப்பு ஒட்டிய அதே தேநீர்க் கடையில் ஒட்டுங்கள். சாவியைத் திருப்பித் தரும்போது அடுத்த வகுப்பின் முதல் ஞாயிற்றுக்கு முன்பணம் கட்டி ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். பஸ் நேரம் இடையில் மாறியிருக்கக்கூடும், நிலையத்தில் மறுபடி கேட்டுப் பழைய தாளைத் திருத்திவிடுங்கள்.